ஆண்டுக்கொரு அளவு

புதிதாகப் பெற்றோரானவர்களுக்கும், வயது வித்தியாசத்தோடு இரண்டு மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு திணறுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பாளையங்கோட்டைப் பக்கத்துச் சபைகளில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடேயே என் காலம் போயிருக்கிறது. ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது இளம் தாய்மார் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: “பெரியவனுக்குப் பதினாலு, நடுவுள்ளவளுக்கு எட்டு, கடைக்குட்டிக்கு மூணு. மூணு பேர்ட்டயும் ஒரே மாதிரி அன்பு காட்ட முடியலயே ஆச்சி?”

ஒரே மாதிரி காட்ட வேண்டாம் என்பதே என் பதில். பெத்தானியாவில் லாசரு இறந்துபோனபோது அக்காவும் தங்கையும் ஆண்டவரிடம் தனித்தனியே வந்து ஒரே ஆற்றாமையைத்தான் சொன்னார்கள். மார்த்தாளுக்கு அவர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். மரியாளைப் பார்த்ததும் கண்ணீர் விட்டார். துக்கம் ஒன்று, அன்பும் ஒன்று. ஆனால் யாருக்கு எது தேவை என்று பார்த்துக் கொடுத்தார். பிள்ளை வளர்ப்பில் நான் சொல்ல நினைப்பதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

1. ஒவ்வொரு வருஷமும் பிள்ளையைப் புதிதாக அளவெடுங்கள். சாமுவேலை அவன் தாய் அன்னாள் பால் மறந்ததும் சீலோவில் ஆசாரியன் ஏலியிடம் விட்டுவிட்டாள். அதன்பின் வருஷாந்தரப் பலிக்குப் போகும்போதுதான் அவனைப் பார்ப்பாள். போகும்போதெல்லாம் ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போனாள் என்று வேதம் சொல்கிறது. நான் அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுவேன். பிள்ளை கண்முன் இல்லை. இந்த வருஷம் தோள் எவ்வளவு அகன்றிருக்கும், கை எவ்வளவு நீண்டிருக்கும் என்று மனதுக்குள்ளேயே அளந்துதான் அவள் துணியை வெட்டியிருக்க வேண்டும். தினமும் பிள்ளையைப் பார்க்கிற நாம் அளப்பதை மறந்துவிடுகிறோம். பத்து வயதுப் பையனுக்கு இன்னும் சோறு ஊட்டிவிடுகிறோம். பதினைந்து வயதுப் பெண்ணிடம் ஏழு வயதில் பேசிய தோரணையிலேயே பேசுகிறோம். பிறந்தநாள் வரும்போது கணவனும் மனைவியும் தனியாக உட்கார்ந்து இரண்டு விஷயம் பேசுங்கள்: இந்த வருஷம் இவனிடம் எதை விட்டுக்கொடுக்கலாம்? எந்தப் பொறுப்பை ஒப்படைக்கலாம்? ஆறு வயதில் தன் தட்டைத் தானே கழுவட்டும். பத்து வயதில் காணிக்கைக்கான காசைத் தன் கைச்செலவிலிருந்து தானே எடுத்து வைக்கட்டும். பதினைந்தில், வீட்டில் எடுக்கும் சில முடிவுகளில் அவன் அபிப்பிராயத்தைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, முடிந்தால் அதன்படியே செய்யுங்கள்.

2. ஐந்து வயதுக்குள் பிள்ளை ஆண்டவரைத் தெரிந்துகொள்வது உங்கள் மடியிலும் குரலிலும்தான். வசனம் மனப்பாடம் செய்விப்பது நல்லது. ஆனால் அது இரண்டாவது. “சொன்ன பேச்சு கேக்கலன்னா இயேசப்பா அடிப்பாரு” என்று சோறு ஊட்டும்போது சொல்கிற வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். பிள்ளைகளை அவரிடம் வரவிடாமல் சீஷர்கள் அதட்டியபோது ஆண்டவர் விசனமடைந்தார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். கோபம் அதட்டினவர்கள்மேல், பிள்ளைகளை அவர் அணைத்துக்கொண்டு, கைகளை வைத்து ஆசீர்வதித்தார். அந்தக் கைகளைப் பூச்சாண்டியாக்கினால், பிறகு எத்தனை வருஷம் ஞாயிறு பள்ளிக்கு அனுப்பினாலும் அந்தப் பயம் லேசில் போகாது.

மூன்று வயதுப் பிள்ளை ஜெபிக்கிறதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? இரண்டு கையாலும் கண்ணைப் பொத்தும். விரல் இடுக்கு வழியாக எல்லார் முகத்தையும் ஒரு சுற்று பார்க்கும். அம்மா கண்ணை மூடியிருக்கிறாளா, அப்பா மூடியிருக்கிறாரா என்று பார்க்கும். அது குறும்பு அல்ல. நீங்கள் உண்மையாகவே யாரிடமோ பேசுகிறீர்களா என்று அது தெரிந்துகொள்கிறது. “கண்ண மூடு” என்று தொடையில் கிள்ளாதீர்கள். பார்க்கட்டும்.

3. புதுக் குழந்தை வந்த வீட்டில் மூத்த பிள்ளைமேல் கண் வையுங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அதிகம் காயப்படுகிறது இந்தப் பிள்ளைதான். “நீ பெரியவ, விட்டுக்குடு” என்று நாம் சொல்லும்போது அந்தப் பெரியவளுக்கு வயது நாலு. நேற்றுவரை அவள்தான் குழந்தை. மருத்துவமனையிலிருந்து அம்மா ஒரு துணிச்சுருளோடு திரும்பி வந்த அன்றே அவள் பெரியவளாகிவிட வேண்டியிருக்கிறது. பென்சில், பொம்மை, சன்னலோர இடம், அம்மாவின் பக்கத்துப் படுக்கை எல்லாம் கைமாறுகிறது. ஏன் என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை.

பெண்பிள்ளையாக இருந்துவிட்டால் இன்னும் பாரம். தம்பியைத் தூக்குவது, பால்புட்டி கழுவுவது, அவன் விழுந்தால் திட்டு வாங்குவது என்று பத்து வயதுக்குள் இரண்டாவது தாயாகிவிடுகிறாள். நைல் நதிக்கரையில் நாணற்பெட்டியைக் காத்து நின்ற மிரியாமை நாம் ஞாயிறு பள்ளியில் நிறையப் புகழ்கிறோம். அவள் நின்றது கொஞ்ச நேரந்தான். பார்வோனுடைய மகள் பெட்டியைத் திறந்ததும் ஓடிப்போய்ப் பெற்ற தாயைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வளர்த்தது தாய். அக்காமாரிடம் உதவி கேளுங்கள், செய்ததும் நன்றி சொல்லுங்கள், பிறகு விளையாட விடுங்கள். பொறுப்பு திரும்ப உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

இளைய குமாரன் உவமையை நாம் அவன் திரும்பி வந்ததோடு முடித்துவிடுகிறோம். அந்தத் தகப்பன் அன்று இரண்டு தடவை வீட்டைவிட்டு வெளியே வருகிறார். ஒருதடவை, தூரத்தில் வந்தவனை நோக்கி ஓடுகிறார். இன்னொரு தடவை, விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே, உள்ளே வரமாட்டேன் என்று கோபித்து நின்ற மூத்தவனை வருந்தி அழைக்க வருகிறார். சிநேகிதரோடு சந்தோஷப்பட ஓர் ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லையே என்று அவன் குறைப்படுகிறான். தகப்பன் அதற்குக் கோபிக்கவில்லை, வாதாடவில்லை. தன்னுடையதெல்லாம் அவனுடையது என்று பொறுமையாகச் சொல்கிறார். உங்கள் வீட்டு மூத்த பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும்போது, கைக்குழந்தையை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பிள்ளையிடம் போங்கள்.

4. ஒப்பிடாதீர்கள். ஈசாக்குக்கு ஏசாவைப் பிடிக்கும், ரெபெக்காளுக்கு யாக்கோபைப் பிடிக்கும். அந்த வீடு இரண்டாக உடைந்தது. அதில் அடிபட்டு ஊரைவிட்டே ஓடிய யாக்கோபு, தான் தகப்பனானபோது என்ன செய்தான்? யோசேப்புக்கு மட்டும் பலவருண அங்கி. அந்தக் கதை தொடங்கும்போது யோசேப்புக்கு 17 வயது. அண்ணன்மார் அவனோடு பட்சமாய்ப் பேசக்கூட முடியாத அளவுக்குக் கசந்துபோயிருந்தார்கள். பாரபட்சம் இப்படித்தான் தலைமுறை தாண்டிப் போகிறது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருகிற அன்று மாமா, சித்தப்பா என்று எல்லாரும் போன் செய்வார்கள். பக்கத்தில் நிற்கிற தம்பியின் காதுபட, “இவன் அண்ணன் மாதிரி வரமாட்டான்” என்று சிரித்துக்கொண்டுகூடச் சொல்லாதீர்கள்.

5. குடும்ப ஜெபம் எல்லா வயதுக்கும் ஆனதாக இருக்கட்டும். நம் பக்கத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ பாய் விரித்து உட்கார்ந்து ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், பிறகு அப்பாவின் ஜெபம் என்று வைத்திருப்பது தலைமுறை தலைமுறையாக வந்த நல்ல வழக்கம். அது அரைமணி நேரம், முக்கால் மணி நேரம் என்று நீளும்போதுதான் பிள்ளைகளுக்குப் பாரமாகிறது. கால்மணி நேரம் போதும். பாட்டைத் தேர்ந்தெடுப்பது கடைக்குட்டியின் வேலை. தினமும் ஒரே பாட்டைச் சொன்னாலும் பாடுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய பிள்ளை இரண்டு வசனம் வாசிக்கட்டும். தட்டுத்தடுமாறினால் மற்றவர்கள் காத்திருக்கட்டும். அதுவும் ஜெபத்தில் ஒரு பகுதிதான். பெரிய பிள்ளைக்குக் கேள்வி கேட்க இடம் வேண்டும். “ஏன் ஆண்டவர் யோபுவுக்கு இப்படி நடக்க விட்டார்?” என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள், பதில் இல்லாவிட்டால் “எனக்கும் அந்தக் கேள்வி உண்டு, ஞாயிற்றுக்கிழமை ஐயரிடம் கேட்போம்” என்று சொல்லுங்கள். சின்னது மடியில் தூங்கிவிட்டால் எழுப்பாதீர்கள்.

இன்னொன்று. ஜெபத்தில் பிள்ளைகளைத் திட்டாதீர்கள். “ஆண்டவரே, இந்தப் பையனுக்கு நல்ல புத்தியக் குடும், எந்நேரமும் போனையே நோண்டிக்கிட்டிருக்கான், அம்மா பேச்சக் கேக்க மாட்டேங்கான்...” இது ஆண்டவரிடம் பேசுவது அல்ல. பதில் பேச முடியாதபடி கண்ணை மூட வைத்துக்கொண்டு பிள்ளையைக் கண்டிப்பது. குற்றம் இருந்தால் கண்ணைத் திறந்து, முகம் பார்த்துத் தனியாகச் சொல்லுங்கள். ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்லி நன்றி மட்டும் செலுத்துங்கள். “இன்னிக்கு ஆச்சிக்கு மருந்து வாங்கிட்டு வந்தானே, அதுக்காக ஸ்தோத்திரம்.” அவன் நிமிர்ந்து உட்காருவான்.

அப்பா கோபத்தில் வார்த்தையை விட்டுவிட்ட நாளில், ஜெபத்துக்கு உட்காரும் முன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கட்டும். மன்னிப்பைப் பற்றி நூறு வசனம் படிப்பதைவிட அந்த ஒரு நிமிஷத்தில் பிள்ளை அதிகம் கற்கும்.

6. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக நேரம் கொடுங்கள். இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் போதகர் வீட்டில் வாழ்ந்த சூசன்னா வெஸ்லி, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய். அவருக்குப் பிறந்தவை 19. பிழைத்து வளர்ந்தவை 10. வீட்டில் பணமில்லை. 1709-இல் வீடே எரிந்துபோனது. ஐந்து வயது ஜான் மேல்மாடி சன்னல் வழியாகத்தான் காப்பாற்றப்பட்டான். அப்படிப்பட்ட வீட்டில் அந்தத் தாய் வாரத்தின் ஒவ்வொரு மாலையையும் பிள்ளைகளுக்கென்று பங்கு பிரித்து வைத்தார். ஜானின் மாலை வியாழக்கிழமை. அவர் வளர்ந்து ஆக்ஸ்போர்டில் ஆசிரியராக இருந்த காலத்திலும் அந்த வியாழக்கிழமை நேரத்தில் தன்னை நினைத்துக்கொள்ளும்படி அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். சூசன்னாவின் மற்ற முறைகளில் சில மிகக் கடுமையானவை. அடிக்குப் பயந்து சத்தமில்லாமல் அழப் பிள்ளைகளைப் பழக்கினார். அதை நான் எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். அந்த வியாழக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு முழு மாலை கிடைக்காது. ரேஷன் கடைக்குப் போகும்போது ஒரு பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள்; வரிசையில் நிற்கிற நேரமெல்லாம் அவனுடையது. போனைப் பையில் போட்டுவிட்டு அவன் பேசுவதைக் கேளுங்கள்.

7. பிரம்பைப் பற்றி. நீதிமொழிகளில் பிரம்பு வருகிறது என்று சொல்லிப் பிள்ளையை அடிக்கிறவர்கள், சங்கீதத்தில் மேய்ப்பனுடைய கோல் ஆட்டைத் தேற்றுகிறது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பவுல் எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதியபோது, பிள்ளைகளைக் கோபப்படுத்தி மனம் சோர்ந்துபோகச் செய்யாதீர்கள் என்ற பொருளில் தகப்பன்மாருக்கு எழுதினார். அன்றைய ரோமச் சட்டப்படி பிள்ளையின் உயிர்மேலேயே தகப்பனுக்கு அதிகாரம் இருந்தது. அந்தக் காலத்தில், அந்தத் தகப்பன்மாரைப் பார்த்து எழுதிய வார்த்தை அது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிப்பதை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே தடுக்கிறது. ஆசிரியருக்கு ஆகாதது வீட்டில் நமக்கு எப்படி ஆகும்? அடிக்காதீர்கள். என் முடிவு இதுதான்.

கண்டிக்காமல் விடுவதையும் நான் அன்பென்று சொல்ல மாட்டேன். தாவீது தன் மகன் அதோனியாவை ஏன் இப்படிச் செய்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கடைசியில் தகப்பன் உயிரோடிருக்கும்போதே அவன் சிம்மாசனத்துக்குக் கைநீட்டினான். ஏலியின் பிள்ளைகள் கதையும் அதுதான். கண்டிப்பு வயதுக்கு வயது வேறுபட வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை தம்பியை அடித்தால் கையைப் பிடித்துக்கொண்டு “வேண்டாம்” என்று சொல்லி, வேறிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் போதும். விளக்கவுரை வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளை பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியை உடைத்துவிட்டால், தண்டனையைவிடப் பரிகாரம் நல்லது: நீங்கள் கூட நடந்துபோங்கள், மன்னிப்பை அவன் வாயால் கேட்கட்டும், புதுத் தொட்டிக்கு அவன் உண்டியலிலிருந்து ஒரு பங்கு போகட்டும். பதினாலு வயதுப் பிள்ளையிடம் அன்றே பேசாதீர்கள். மறுநாள், தம்பி தங்கை இல்லாத இடத்தில் பேசுங்கள்.

8. பன்னிரண்டு வயதுக்கு மேல் பிள்ளை உங்களுக்குப் புரியாத இடங்களுக்குப் போகத் தொடங்கும். பஸ்காவுக்கு எருசலேம் போய்த் திரும்பும்போது பன்னிரண்டு வயது இயேசுவைக் காணாமல் யோசேப்பும் மரியாளும் தேடினார்கள்; மூன்று நாளுக்குப் பின் தேவாலயத்தில், போதகர் நடுவே உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். தாய் தன் வேதனையை மறைக்கவில்லை. எவ்வளவு தவித்தோம் என்று சொன்னாள். அவர் சொன்ன பதில் அவர்களுக்குப் புரியவில்லை. புரியாததை மரியாள் மனதில் வைத்துக்கொண்டாள். ஊரெல்லாம் சொல்லித் திரியவில்லை.

இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். வளர்ந்த பிள்ளையின் ரகசியத்தை ஜெபக் குறிப்பாக்காதீர்கள். “எம் மவளுக்காக ஜெபிச்சுக்கோங்க மைனி, யார்கிட்டயோ ராத்திரி ராத்திரியா பேசுறா” என்று பெண்கள் கூட்டத்தில் ஒருமுறை சொன்னால், அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளை கோயிலுக்குள் நுழையும்போது பத்துத் தலை திரும்பும். அவள் அதற்குப் பிறகு உங்களிடமும் எதையும் சொல்ல மாட்டாள், கோயிலுக்கும் வரப் பிரியப்பட மாட்டாள். வேதனை தாங்கவில்லையென்றால், வாய்காக்கிற ஒரே ஒருவரிடம் சொல்லி ஜெபியுங்கள்.

திடப்படுத்தல் வகுப்புக்கு, “கூட்டாளி எல்லாரும் எடுக்குறாங்க, நீயும் எடு” என்று தள்ளிவிடாதீர்கள். பிஷப் ஐயா தலையில் கைவைக்கும்போது பிள்ளை சொந்த வாயால் அறிக்கை செய்ய வேண்டும். ஒரு வருஷம் பொறுத்து எடுக்கிறேன் என்றால், அந்தப் பேச்சை அவன் எவ்வளவு பாரமாக எடுத்துக்கொண்டிருக்கிறான் என்று சந்தோஷப்படுங்கள்.

9. பிள்ளை எந்த வயதானாலும், யாரோ தன்னைத் தகாதவிதமாய்த் தொட்டதாகச் சொன்னால் நம்புங்கள். தொட்டவர் உறவினராக, ஊழியராக, சபையில் பெரிய மனுஷராக இருந்தாலும் நம்புங்கள். சபையின் பெயர் கெட்டுப்போகும் என்று மூடி வைக்காதீர்கள். “மன்னிச்சிரு” என்று பிள்ளைமேல் பாரத்தை ஏற்றாதீர்கள். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதே குற்றம். 1098 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் உதவி கிடைக்கும். அந்த எண்ணைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்வியுங்கள்.

10. பெற்ற பிள்ளைகளோடு அன்பை நிறுத்திக்கொள்ள வேண்டாம். அயர்லாந்திலிருந்து 1895-இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல், திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்குத் தாயாக இருந்து 1951-இல் அங்கேயே மரித்தார். அவர் மணம் முடிக்கவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அவரை அம்மா என்றே கூப்பிட்டார்கள். அங்கே பிள்ளை வந்து சேர்ந்த நாளையே அதற்குரிய பண்டிகையாக வைத்துக் கொண்டாடுவார்கள். பள்ளி முடிந்து பூட்டிய வீட்டுக்குத் திரும்பும் பிள்ளை உங்கள் தெருவிலும் ஒன்றிருக்கும். உங்கள் பிள்ளைகளோடு அதற்கும் ஒரு தட்டு வையுங்கள்.

11. வளர்ந்து வெளியூர் போய்விட்ட பிள்ளைகளும் பிள்ளைகள்தான். சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ இருக்கிற மகன் கோயிலுக்குப் போவதில்லை என்று தெரியவந்தால், நெஞ்சு எரியும். எனக்குத் தெரியும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போனில் முதல் பேச்சாக “கோயிலுக்குப் போனியா?” என்று கேட்காதீர்கள். உண்மை சொன்னால் திட்டு, பொய் சொன்னால் குற்றவுணர்வு; அவன் போனை எடுக்காமல் இருக்கவே பழகிவிடுவான். சாப்பாடு எப்படி, மேலதிகாரி எப்படி, கூட இருக்கிற பையனுக்கு ஜுரம் என்றாயே சரியாகிவிட்டதா என்று கேளுங்கள். அவனுக்காக ஜெபிப்பதை அவனிடம் சொல்லிக் காட்டாமல் செய்யுங்கள். லோவிசாள், ஐனிக்கேயாள் என்ற பாட்டியும் தாயும் வைத்திருந்த விசுவாசம்தான் தீமோத்தேயுவிடம் வந்தது என்று பவுல் எழுதினார். தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். இரண்டு பெண்கள் பொறுமையாய் வீட்டுக்குள் செய்த வேலை அது.

கிறிஸ்துமஸுக்கு அவன் வருவான். அன்று இரவு ஜெபத்துக்குப் பாய் விரிக்கும்போது வழக்கமான நேரத்திலேயே விரியுங்கள், வழக்கமான அளவுக்கே நடத்துங்கள். அவனுக்கென்று விசேஷப் பிரசங்கம் வேண்டாம். அவன் உட்கார்ந்தால், சின்ன வயதில் போல “நீயே ஒரு பாட்டுச் சொல்லு மக்கா” என்று கேளுங்கள். வேண்டாமென்றால் அவன் தங்கையிடம் கேளுங்கள்.